ஒரே ஒரு வாசகர்

— இந்த நீலம் எனக்கு எடுப்பா இருக்கா, இல்ல அந்தப் பழுப்பையே போட்டுக்கட்டுமா? சொல்லுடி.

— எதுக்குக்கா இவ்ளோ அலங்காரம்? அச்சகத்துக்கு லீவு போட்டுட்டு வீட்டையே கழுவித் தள்ளியிருக்க. சோபா உறைகூடப் புதுசு. மூக்குக்கண்ணாடிக் கடையிலேர்ந்து நான் சீக்கிரம் வந்துடுவேன்னு நீ எதிர்பாக்கல போலிருக்கு.

— எதிர்பாக்கலதான். வந்தது வந்துட்ட, அந்தக் கப்பையெல்லாம் தொடச்சு வை. ஒருத்தர் வர்றாரு.

— யாரு?

— என் வாசகர்.

— வாசகரா.

— ஏன் அப்படி இழுக்குற? எனக்குன்னு ஒரு வாசகர் இருக்கக் கூடாதா?

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— நீ ஒண்ணும் சொல்லாததுதான்டி வலிக்குது. ஊரார் எழுதினதுல கால் விட்டுப்போச்சு, கொம்பு விட்டுப்போச்சுன்னு நாள் பூரா மெய்ப்பு பாத்துட்டு வந்து, கண்ணு எரிய எரிய எழுதி நெட்ல போடுறேன். பத்திரிகைக்காரன் எவனும் பதில்கூடப் போடல. கூடப் பொறந்தவ, ஒரே கூரைக்குக் கீழ இருக்குறவ, நீயாவது ஒண்ணு படிச்சிருக்கியா?

— நாள் பூரா லென்ஸ் தேச்சுட்டு வர்றேன்க்கா. வந்தா பாப்பாவோட வீட்டுப்பாடம், துணி, பாத்திரம். எழுத்தப் பாத்தாலே கண்ணு சொருகுது.

— தெரியும், தெரியும். உன்னக் குறை சொல்லல. கேளேன். கதையப் போட்டுட்டு ஃபோனைக் கவுத்து வெச்சிடுவேன். பாக்கக் கூடாது, பாக்கக் கூடாதுன்னு இருப்பேன். குளிக்கப் போனா சோப்புக் கையோட ஓடி வந்து பாப்பேன். யாராவது போற போக்குல ஒரு கட்டைவிரலப் போட்டிருப்பாங்க. அதுவும் படிக்காமப் போட்டது. படிக்காமப் போட்டதுன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் அத எண்ணிட்டு உக்காந்திருப்பேன்.

— இவரு மட்டும் படிச்சாராக்கும்.

— வரி வரியா. 'கரையோரப் பயணி'ன்னு பேரு வெச்சிருக்காரு. அவரு மொத மொத எழுதினதப் பாத்துட்டு பாத்ரூம்ல போய் அழுதேன், தெரியுமா? 'இந்த உலகம் உங்களை இவ்வளவு காலம் எப்படிக் கவனிக்காமல் விட்டது?'ன்னு கேட்டிருந்தாரு. என் ஆயுசுல யாரு கேட்டா அந்தக் கேள்விய?

— சரி, சரி. எந்தக் கதைக்கு?

— ஏதோ ஒரு கதைக்கு.

— அக்கா. மூஞ்சிய ஏன் திருப்புற?

— உன் கதைதான். பதறாத. பேரு கிடையாது, ஊரு கிடையாது. ஒரு பொண்ணு, அடிக்கிற புருஷனை விட்டுட்டு, கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வர்றா. எத்தனை பேருக்கு நடக்குது.

— என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

— கேட்டா வேண்டாம்னுவ. நான் எழுதினதுலயே அது ஒண்ணுதான்டி உசுரோட இருந்துச்சு.

— ஊரு மாத்தி, நம்பர் மாத்தி, முடிய வெட்டி... சரி, அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளு உன்கிட்ட என்ன கேட்டாரு?

— நல்ல கேள்வியாத்தான் கேட்டாரு. கதையில அவ வேலைக்குப் போற கடை நெஜமாவே இருக்குற கடையா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்னாரு. நீங்க எழுதுற மேஜை எந்த ஜன்னலப் பாத்து இருக்கு, சும்மா தெரிஞ்சுக்கத்தான்னாரு. எழுதுறவங்களோட வாழ்க்கைய இப்படி யாரு விசாரிக்கிறா?

— திருப்பிச் சொல்லு.

— எத?

— கடைசியா அவரு சொன்னத.

— சும்மா தெரிஞ்சுக்கத்தான். அது அவரோட வழக்கம், எல்லாக் கேள்விக்கும் வாலா ஒட்டிடுவாரு. ஏன்டி, உக்காரு. கப்பக் கீழ வை. என்ன ஆச்சு?

— அவனும் அப்படித்தான் கேப்பான். ஃபோன்ல யாரு, சும்மா தெரிஞ்சுக்கத்தான். கடைக்குப் போனவ ஏன் லேட்டு, சும்மா தெரிஞ்சுக்கத்தான். குரலை ஒசத்தவே மாட்டான். கேட்டு முடிச்சுட்டுக் கதவச் சாத்துவான்.

— எல்லாரும் சொல்ற வார்த்ததானே அது. எனக்குன்னு ஒருத்தர் வந்தா, அதுவும் உன் புருஷனாத்தான் இருக்கணுமா?

— அவரு எழுதினதப் படி. சத்தமாப் படி.

— படிக்கிறேன், கேளு. கேட்டா நீயே ஒத்துக்குவ. 'குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கும் இடத்தில் கண் கலங்கிவிட்டது மேடம். அவசரத்தில் ஒற்றைப் பச்சைச் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுப் போகிறாளே, அந்தக் காட்சி ஒன்று போதும், நீங்கள் யார் என்று சொல்ல.'

— பச்சைச் செருப்பா?

— ஆமா.

— அத நீ எழுதினியா?

— எழுதினதாலதானே...

— செருப்பைப் பத்தி நான் உன்கிட்ட சொன்னதே இல்லக்கா.

— இரு. பாக்குறேன். படியிறங்குறா... குழந்தை தோள்ல... தெருவுல ஓடுறா... இல்ல. இல்லடி. செருப்பே இல்ல.

— அடுத்தவங்க எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உன் கண்ணுக்குத் தப்பாது.

— பாராட்டுன்னா கண்ணு அங்கயே போய் நின்னுடுதுடி. மத்தது எதுவும் தெரியல.

— படியிலதான் கழண்டு விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கத் தைரியமில்ல. மேல் படியில அவன் நின்னுட்டிருந்தான். அத அவனும் நானும் மட்டும்தான் பாத்தோம்.

— கதவச் சாத்துறேன்.

— மேல் தாழ்ப்பாளும் போடு. எப்ப வரச் சொன்ன?

— இப்பத்தான். வர்ற நேரம் ஆயிடுச்சு. நான்தான்டி கூப்பிட்டேன். அவரு கேக்கக்கூட இல்ல. தெரு, மாடி, எதிர்த்த வீட்டு இரும்பு கேட்டு வரைக்கும் நானே அடையாளம் சொன்னேன்.

— போலீசுக்குப் பேசு. நான் திரைய இழுத்து விடுறேன்.

— ... பேசிட்டேன். வண்டி அனுப்புறாங்களாம். கதவத் திறக்காம உள்ளயே இருக்கச் சொன்னாங்க.

— நல்ல வேளை, பாப்பா பாட்டு வகுப்புல இருக்கா. இங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னே தெரியல.

— படியில யாரோ வர்றாங்க.

— மூச்சு விடாத.

— இருமல் சத்தம். மேல் வீட்டுக்காரரு. போயிட்டாரு... ஒண்ணு கேக்கட்டுமா?

— மெதுவாப் பேசு.

— அப்போ அந்தக் கதை அவருக்குப் பிடிக்கலையா?

— அக்கா.

— இல்ல, உலகம் எப்படிக் கவனிக்காம விட்டதுன்னு எழுதினாரே. அதுவும் பொய்யா? ஒரு வரிகூடவா பிடிச்சிருக்காது?

— உனக்கு இப்ப இதுதான் தோணுதா?

— அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா தோணுதேடி, நான் என்ன பண்ண?

— வர வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு. ஏன் வரல?

— ஃபோன் மின்னுது. அவருதான். அவன்தான்.

— என்ன போட்டிருக்கான்?

— 'மன்னிக்கணும் மேடம், இன்று வர இயலவில்லை. எனக்கு வேண்டியது உங்கள் கதையிலேயே கிடைத்துவிட்டது. நன்றி.'

— என்ன கெடச்சுது அவனுக்கு? அக்கா, என்னப் பாரு. பாட்டு வகுப்பப் பத்தி எழுதியிருக்கியா?

— மருந்துக்கடைக்கு மேல் மாடியில நடக்கும்னு எழுதினேன். அம்மா வர்ற வரைக்கும் குழந்தை மாடிப்படியில உக்காந்திருக்கும்னு. அவ்ளோதான்.

— டீச்சருக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, பாட்டு டீச்சர்தான் பேசறேன். சொல்லுங்கம்மா.

— டீச்சர், பாப்பாவோட அம்மா பேசறேன். பாப்பாவ வெளிய விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் உங்க பக்கத்துலயே வெச்சுக்குங்க.

— அவ இப்பத்தானேம்மா கிளம்பினா? பெரியம்மா அனுப்பினாங்கன்னு ஒருத்தர் வந்தாரு. ரொம்ப மரியாதையாப் பேசினாரு.

— யாரு வந்தாலும் அந்த ரகசிய வார்த்தையக் கேக்காம அனுப்பாதீங்கன்னு சொல்லியிருந்தேனே டீச்சர்.

— கேக்காம விடுவேனாம்மா? கேட்டேன். 'நிலாவுக்குக் காய்ச்சல்'னு டக்குனு சொன்னாரு. நீங்க சொல்லி வெச்ச அதே வார்த்தை. பாப்பாவே சிரிச்சுக்கிட்டு அவரு கையப் புடிச்சுக்கிட்டா.

— அது பாப்பாவே உண்டாக்கினது. நம்ம வீட்டையும் டீச்சரையும் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா, அத அந்தக் கதைக்குள்ள எங்கயாவது எழுதினியா?

— ரகசிய வார்த்தை ஒண்ணு இருக்குன்னுதான் எழுதினேன், அது என்னன்னு உள்ள எங்கயும் எழுதலடி. கேக்க அழகா இருந்துச்சு... அதத்தான் தலைப்பா வெச்சேன்.