எண்பது டிகிரி யாருடையது?

— கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன். நீ கத்தினா போர்டு ஆறிடாது!

— கத்தறது நீதான்க்கா! நாலு மணிக்கு வண்டி கிளம்புது. ரொட்டி ஆலைக்கு நாற்பது பெட்டி, எல்லாத்தையும் அட்டையில கட்டியாச்சு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— எனக்கெதுக்கு ஊர் வம்பு, ஆனா நீங்க போடுற சத்தம் ரிசப்ஷன் வரைக்கும் கேக்குது. கொரியர்காரர் வந்த வேலையை விட்டுட்டு வாயைப் பொளந்து நிக்கிறாரு. கூடப் பொறந்தவங்க ஒரே ஆபீஸ்ல வேலை பாத்தா இப்படித்தான்.

— வாங்க ரிசப்ஷனம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இது பெட்டிக்குள்ள இருக்கிற போர்டோட விவர ஃபைல், என் பொறுப்பு. போர்டுல என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்ற ஃபைல். சூடு பாக்குற சென்சார் எங்க இருக்கு, ஃபேனுக்கு எத்தனை வேகம், எத்தனை டிகிரியில சிப் கருகும். நூத்தஞ்சுன்னு சிப் செஞ்சவனே சொல்லியிருக்கான். அதுக்குக் கீழ என் தம்பி ரெண்டு வரி சொருகியிருக்கான்.

— சொருகலக்கா. சேர்த்தேன்.

— எண்பது வரைக்கும் ஃபேனைச் சுத்தவிடாதே. எண்பது தாண்டினா சிப்போட வேகத்தைப் பாதியாக்கு. இது போர்டோட குணமாடா? உன் புத்தி! அடையாள அட்டையில மச்சம் எங்க இருக்குன்னு எழுதலாம். எத்தனை மணிக்குத் தூங்கணும்னு எழுதுவாங்களா?

— எங்க எழுதினா என்னக்கா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத.

— போட்டது நீ! என்ன இருக்குங்கிறது ஒண்ணு. அதை வெச்சு என்ன செய்யணுங்கிறது வேற. அந்த ரெண்டாவதை உன் சாஃப்ட்வேர்ல எழுதாம, என் ஃபைல்ல ஏன் எழுதின?

— உன் ஃபைல்ல எழுதினா எல்லாப் பெட்டிக்கும் தானா போயிடும். என் பக்கத்துல எழுதணும்னா ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா யோசிக்கணும்.

— அந்த யோசனைக்குத்தான்டா உனக்குச் சம்பளம். கேளு. ரொட்டி ஆலைப் பெட்டி எதுக்கு? கேஸ் கசிஞ்சா அலறுறதுக்கு. மூணு செகண்ட்ல அலறணும். நேத்து ஒரு பெட்டியை ஹீட்டர் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஃபேன் நிதானமா எழுந்திருச்சுது. சூடு இறங்கல. சிப் பாதி வேகத்துலயே கிடந்துச்சு. அலறினது, கேஸைக் காட்டின பதினாலாவது செகண்ட்ல.

— பதினாலு செகண்ட்லாம் ஒரு நேரமா மேடம்? எனக்குக் கைப்பையில சாவி தேடவே அது பத்தாது.

— நீங்க அடுப்புப் பக்கத்துல நின்னு சாவி தேடலையேம்மா. அங்க நிக்கிறவன் உயிரோட வெளிய ஓட வேண்டிய நேரம் அது.

— அக்கா, அடுத்த மாசம் அப்டேட் அனுப்பித் திருத்திக்கலாம். இன்னிக்கு வண்டி போனாத்தான் வெளிநாட்டு ஆபீஸுக்குப் போறவங்க லிஸ்ட்ல என் பேரு. மேனேஜர் வாயைத் திறந்து சொல்லிட்டாரு. அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு.

— அம்மாவை நான் பாத்துக்கறேன். நீ இதுக்கு மட்டும் பதில் சொல்லு. எண்பது எங்கேருந்து வந்துச்சு?

— அளந்து பாத்து வெச்சது.

— எந்தப் பெட்டியில அளந்த?

— ஆபீஸ்ல இதே போர்டு இருக்கிற பெட்டியிலதான்.

— ஆபீஸ்ல எந்தப் பெட்டி? ஏன்டா மேல பாக்குற? கூரையில பதில் எழுதியிருக்கா?

— எனக்கெதுக்கு ஊர் வம்பு, ஆனா... அது என் மேசை மேல இருக்கிற ஸ்கிரீன் பெட்டிங்க மேடம்.

— நீங்க சும்மா இருங்க, ப்ளீஸ்.

— இல்ல சார், சொல்லிடறேன், இல்லேன்னா எனக்கு வயித்த வலிக்கும். அந்த ஃபேன் கொர்ர்ருன்னு கத்தும் மேடம். மேனேஜர் ரூம்ல பேசறது ஒரு வார்த்தை காதுல விழாது. யாருக்குச் சம்பள உயர்வு, யாருக்கு மாத்தல், ஒண்ணுமே தெரியாம எப்படி உக்காந்திருக்கிறது? சார்கிட்டச் சொன்னேன். மறுநாளே கப்சிப்.

— ஆக, நீங்க ஒட்டுக் கேக்கத் தோதா நாற்பது பெட்டி மூச்சை அடக்கிட்டு அடுப்படிக்குப் போகுது!

— ஐயையோ, எனக்கு அது தெரியுமா?

— உங்க மேல தப்பில்லம்மா. உங்க பெட்டி அமைதியா இருக்கட்டும். ஆனா அது உங்க பெட்டிக்கு மட்டும். டேய், இந்த ரெண்டு வரியை எடு. உன் பக்கத்துல பெட்டிக்கு ஒரு விதி ஃபைல் வை. ரிசப்ஷன் பெட்டிக்கு எண்பது. ரொட்டி ஆலைக்கு நாற்பத்தஞ்சுலயே ஃபேன் முழு வேகத்துல சுத்தணும். அப்பவும் சூடு ஏறினா முதல்ல ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறை, அப்புறம் ரிப்போர்ட் எழுதுறதை நிறுத்து. அலாரத்து மேல மட்டும் கை வெக்காத.

— நாற்பது பெட்டியையும் பிரிச்சு, எழுதி, ஹீட்டர்ல வெச்சுப் பாக்க ரெண்டு நாளாகும்.

— ஆகட்டும்.

— லிஸ்ட்ல என் பேரு இருக்காது.

— இருக்காது.

— பரவால்லடான்னு ஒரு வார்த்தை சொல்லேன்.

— போகப்போறது உன் வெளிநாட்டு வாய்ப்பு. பரவால்லன்னு நான் எப்படிடா சொல்றது? கையெழுத்துப் போட மாட்டேன், அதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்.

— போனைக் கொடு.

— யாருக்கு? அம்மாவுக்கா?

— மேனேஜருக்கு. எவ்வளவு சொன்ன, பதினாலா?

— பதினாலு.

— சார், நான்தான். வண்டியை நிறுத்துங்க... அக்கா பண்ற பிரச்சினை இல்ல சார், என்னோட தப்பு. அலாரம் பதினாலு செகண்ட் எடுக்குது... ஆமா, லிஸ்ட் ஞாபகம் இருக்கு சார்... இல்ல, அந்த எண்பதை வெக்கச் சொல்லி யாரும் கேக்கல. நானா வெச்சேன்.

— அடேயப்பா! இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வருமா மேடம்?

*

— அப்புறம் யாரு வெளிநாடு போனா, ரிசப்ஷன் அக்கா?

— நேத்துதான் வேலைக்குச் சேர்ந்த, அதுக்குள்ள இவ்வளவு ஆர்வமா? நல்லா வருவ. பெட்டியெல்லாம் ரெண்டு நாள் கழிச்சுப் போச்சு. மூணே செகண்ட்ல அலறுதாம். வெளிநாட்டுக்காரங்க அந்த ஃபைலைப் பாத்துட்டு, இப்படிப் பிரிக்கச் சொன்னது யாருன்னு கேட்டாங்களாம். மூணு மாசத்துல அந்தம்மா பொட்டியைக் கட்டிட்டாங்க.

— அக்காவா? அப்ப அந்தத் தம்பி பாவம்!

— என்ன பாவம்? இங்கயேதான் இருக்காரு. கல்யாணமும் ஆயிடுச்சு.

— அக்காவும் பக்கத்துல இல்லாம தனியாக் கஷ்டப்படுவாரு இல்ல?

— அவரு கதை எனக்கெதுக்கு? ஆனா ஒண்ணு கண்ணு, நாத்தனார் வெளிநாட்டுல இருந்தா வீட்டுல நிம்மதி, அனுபவத்துல சொல்றேன்.