காத்துப் பொரட்டின பக்கம்

சத்தமாத்தானுங்க பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. இந்த பஸ்ஸு போடற கூப்பாட்டுல மெல்லப் பேசுனா உங்களுக்கே கேக்காது, அப்பறம் மத்தவிங்களுக்கு எங்க கேக்கும்?

ஓ, நீங்களும் மதுக்கரையா? செரியாப் போச்சு. சிமிட்டி பேக்டரிக்குப் பக்கத்துல மக ஊடு. தாராபுரத்துல இருந்து வாரேன், கோயமுத்தூர்ல எறங்கி இந்த பஸ்ஸு மாறினேன். தனியாவான்னு கேக்கறீங்களா? அது கெடக்குது, அப்பறஞ் சொல்றேன்.

நாங்க வேதக்காரங்க. எங்கூட்டுக்காரரு இருக்கறாரே, ஏசுசாமியைக் கேக்காம ஒரு எட்டு எடுத்து வெக்க மாட்டாரு. நல்லதுதானுங்க, நானும் அப்படித்தான். ஆனா அவரு கேக்கற விதம் இருக்குது பாருங்க. கண்ணை இறுக்கி மூடிட்டு, வேதப் பொஸ்தகத்தைப் பட்டுன்னு தொறந்து வெரலை வெப்பாரு. வெரல் உழுந்த எடந்தான் உத்தரவு. ஒருக்கா எருமை வாங்கறதுக்கு வெச்சாரு. இவனுக்கு அவன் பொறந்தான், அவனுக்கு இன்னொருத்தன் பொறந்தான்னு பக்கம் பூராவும் போகுமில்ல, அங்க போயி உழுந்துது. அப்படின்னா எருமை வருசா வருசம் கன்னு போடும்னு ஓட்டியாந்துட்டாரு. அதுன்னா தின்னுது, படுத்துது, ஒரு கன்னுகூடப் போடல. கேட்டா, ஆண்டவரு பொறுமை கத்துக் குடுக்கறாருங்கறாரு. புண்ணாக்கு வெக்கறவ நானு.

சிரிங்க சிரிங்க. எருமை போனாப் போகுதுங்க. எம்மக சாலோமி மதுக்கரைப் பையன் பொங்கியண்ணனைக் கட்டிக்கிட்டா. திருநீறு பூசற ஊடு. தங்கமான பையனுங்க. இவரு, ஆண்டவரு உத்தரவு குடுக்காம அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டாரு. போன வாரம் பேரன் பொறந்துட்டான்னு சொல்லி உட்டாங்க. நாந்தான் பொஸ்தகத்தை எடுத்துக் கையில குடுத்தேன். கண்ணை மூடினாரு, வெரலை வெச்சாரு, வாய் உட்டுப் படிச்சாரு. எங்க உழுந்துதுங்கறீங்க? ஊட்டை உட்டுப் போன மகன் திரும்பி வாரான், அப்பங்காரரு தூரத்துல பாத்துப்போட்டு எந்திரிச்சு ஓடறாரே, அந்தப் பக்கத்துல. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. இவரு சன்னலைத் திரும்பிப் பாத்தாரு. அப்பறம், காத்து பொரட்டிப்போட்டுதுன்னாரு. சன்னல் சாத்தியிருந்துதுங்க. மறுக்கா வெச்சாரு. கூடாரத்துத் துணி எத்தன மொழம்னு ஏதோ வந்துது. பாத்தியா, போகச் சொல்லலைன்னு மூடிப்போட்டாரு.

எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அடுப்படியில நின்னு, ஏசுவே, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டேன். சத்தங்கித்தம் ஒண்ணும் வரல. ஆனா குனிஞ்சு பாத்தா, கை பூண்டு உரிச்சுட்டு இருக்குது. எங்க ரெண்டு பேருக்கு எதுக்குங்க அத்தன பூண்டு? புள்ளை பெத்தவளுக்குத்தான். எங்காதுக்கு முந்தி கைக்குச் சொல்லிப்போட்டாரு. காலையில, நான் போறனுங்கன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுட்டேதான் வந்தேன்.

மதுக்கரை வரப்போகுதா? செரி, காதை இப்படிக் குடுங்க, இது மட்டும் மெல்லச் சொல்றேன். சாடையாத் திரும்பிப் பாருங்க. கடைசி சீட்டுல, தலையோட துண்டைப் போத்திட்டுத் தூங்கறாப்பல ஒருத்தரு இருக்கறாருங்களா? துண்டுக்கு வெளிய, சாலோமிக்குக் கட்டின பச்சைப் பெயிண்டு அடிச்ச தொட்டில் கட்டை நீட்டிட்டு இருக்குமே. அவரேதான். தாராபுரத்துல இருந்து எம்பின்னாலயே வாராரு, நாம் பாக்கலைன்னு நெனப்பு. அவரு காதுல உழுகோணும்னுதான் இத்தன நேரம் தொண்டை கிழியப் பேசுனேன்.

பாசாங்கு பண்ணிப் பண்ணி நெசமாலுமே தூங்கியிருப்பாரு. நான் முன்வாசல்ல எறங்கிக்கறேன். நீங்க பின்வாசல்ல எறங்கப் போறப்ப, அவருகிட்ட மதுக்கரை வந்துருச்சு, எறங்குங்கன்னு ஒரு கொரல் மட்டும் குடுத்துருங்க கண்ணு. ஆரு சொன்னாங்கன்னு கேட்டா எம்பேரைச் சொல்லிப்போடாதீங்க. ஏசுசாமி சொன்னாருன்னு சொல்லுங்க, எறங்கிருவாரு.