மூங்கிலின் மேல்தோல்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். உடைந்த வில்லை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அதைக் கையில் எடுத்துக் காட்டினால் சுலபமாகப் புரியும். வேண்டாம் என்றால் வாயாலேயே சொல்கிறேன்.

என் பெயர் ஜெபகுமார். ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் லைனில் வரும் கீல் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டினால் கதவுக்கே தெரியாது. கடையில் விற்கும் ஃபைபர் வில்லும் அப்படித்தான். கையால் செய்கிற மூங்கில் வில் ஒருவனுக்கு மட்டுமானது. அவன் கை நீளத்துக்கும் தோள் பலத்துக்கும் ஏற்றபடி உள்பக்கத்தைச் சீவிச் சீவி வளைவை ஒப்பாக்க வேண்டும். வெளிப்பக்கம், அதாவது மூங்கிலின் மேல்தோல் இருக்கும் பக்கம், கத்தியே படக்கூடாது. இழுக்கும்போது பாரத்தையெல்லாம் அந்தத் தோலின் நார்தான் தாங்குகிறது.

2012இல் கம்பெனி வில் அணி ஆரம்பித்தபோது மூங்கில் வில் பிரிவுக்கு நான்தான் வில் செய்து கொடுத்தேன். வாலாஜாபாத் மண்டியில் நானே மூங்கில் பொறுக்குவேன். இந்த வருஷப் போட்டியில் முதலாவதாக வருபவனை வேலையில் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். ஜெயிக்கக்கூடியவர்கள் நானும் இசக்கிபாண்டியும்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், என் அறையில் தங்கியிருந்தான். நான் செய்த வில்லால் என்னைவிட நன்றாக எய்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தக் கம்பெனி நிற்கிற இடத்தில் எங்கள் நிலமும் இருந்தது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அதையெல்லாம் நான் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

போட்டிக்காக அவனுக்குப் புது வில் செய்தேன். கைப்பிடிக்கு மேலே ஓரிடத்தில் மேல்தோலைக் குறுக்கே அறுத்தேன். அதன்மேல் சிவப்பு நூல் சுற்றி வார்னிஷ் அடித்தேன். அழகாக இருக்கிறது என்று தடவிப் பார்த்தான். புது வில் படிய வேண்டும், போட்டிவரை முழுக்க இழுக்காதே என்றேன். கேட்டுக்கொண்டான். பாதி இழுத்தால் ஒன்றும் ஆகாது. நாணைக் கன்னம்வரை கொண்டுவந்தால் அந்த இடத்தில் முறியும், மேல் துண்டு முகத்துக்கு வரும். பயந்துபோய் வில்லைத் தொடமாட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னான்.

"அண்ணே, எங்க ஊர்ப்பக்கம் மில்லுல வேல கெடச்சிட்டு. மேனேஜர்ட்ட சொல்லிட்டேன், இந்த எடத்த ஒங்களுக்கே குடுக்கச் சொல்லி. நாளைக்கு ஒரு நா மட்டும் நீங்க செஞ்ச வில்லுல அடிச்சிட்டுப் போயிருதேன்."

"நல்லா யோசிச்சிக்கினியாடா?" என்றேன்.

"யோசிக்க என்னண்ணே இருக்கு."

மேனேஜருக்குப் போன் போட்டேன். ஆமாம், அவன் வேலையை விட்டு விலகிவிட்டான், நிரந்தர இடம் உனக்குத்தான் என்றார். சந்தோஷமாக இருந்தது. அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் சுற்றிலேயே முறிந்தது. நான் அறுத்த இடத்திலேதான். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூங்கில்தான் சரியில்லண்ணே, ஒங்க மேல தப்பில்ல" என்றான். வார்டில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மூங்கிலில் ஒரு குறையும் கிடையாது. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வேலை கிடைத்த பிறகு வில்லை ஏன் திரும்ப வாங்கவில்லை என்று கேட்கிறீர்கள். மறந்துவிட்டேன், ஐயா. மூங்கில் வில்லில் நாணை ஏற்றியே வைக்கக்கூடாது. எய்வதற்குச் சற்றுமுன்தான் ஏற்ற வேண்டும். காலையில் மைதானத்தில் அவன் வில்லை முழங்காலில் வைத்து வளைத்து, நாண் ஏற்றிக் கையில் கொடுத்தது நான்தான். அப்போதும் மறந்துவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.