சண்டியைத் தேர்ந்தெடுத்த அருணாசலவடிவு அம்மையாருக்கு

கழனி மண்ணில் பிறந்து கடலடித் தரையைக் கண்முன் விரித்தவரே! பொருநை நீர் பருகி வளர்ந்து பொங்கு கடலுக்குப் பொறுப்பேற்றவரே! பூட்டிய கதவுகளுக்கு முன் புலம்பி நிற்காமல் பூட்டே இல்லாத வீடொன்றைப் புதிதாய்க் கட்டித் தந்தவரே! எங்கள் கரையோர வரைபட அலுவலகத்தின் கண்ணாகவும், கண்டிப்பாகவும், காலை நேரக் கவலையாகவும் விளங்கிய தலைமை வரைபட அலுவலர், திருமதி அருணாசலவடிவு அம்மையீர்! வணக்கம்.

இப்படியே இன்னும் இரண்டு பக்கம் எழுதும் வல்லமை எங்களிடம் உண்டு. ஆனால் அம்மையாரின் புருவம் இப்போதே நெரியத் தொடங்கிவிட்டது. எந்தக் கோப்பில் புகழ்மொழி கூடினாலும் சிவப்புப் பேனாவை எடுக்கிற புருவம் அது. ஆகையால் அவரை நோக்கிப் பேசுவதைச் சற்றே நிறுத்தி, அவரைப் பற்றி இந்த வழியனுப்பு விழா அவையோரிடம் பேசுகிறோம். அவர் விரும்பினால் தட்டிலிருக்கும் மக்ரூனைத் தின்றுகொண்டு கேளாதவர்போல் இருக்கலாம்.

அருணாசலவடிவு பிறந்தது ஆழ்வார்திருநகரிப் பக்கத்து நெல் வயல் கிராமம். தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்து இத்தனை காலமாகியும் அவர் கால் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது, படகைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்படிப்பட்டவரிடம்தான் கடலடிப் பார்களை வரைபடமாக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் இங்கே பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி படிந்ததும், இன்று சங்கும் மீனும் கிடப்பதும் அந்தப் பார்களிலும் அவற்றை ஒட்டிய மணலிலும்தான். சங்கு குளிக்கிறவர்கள், அதாவது கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிறவர்களின் அடுப்பு எரிவது அவற்றை நம்பியே.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் முறை வரும்வரை வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குப் புதிய இடம் ஒன்றைக் குறிக்க ஆலோசனைக் குழு கூடப் போகிறது, பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் தாருங்கள் என எங்களுக்குக் கடிதம் வந்தது. அந்த வாரமே சங்குகுளித் தொழிலாளர்களின் தலைவர் மரியான் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தாயி, ஒரு நங்கூரம் பாருமேல விழுந்து இழுபட்டா அதோட அந்தப் பாரு செத்துது. நீங்க போடுத புள்ளிய வச்சித்தான் எங்க வவுறு. படத்த ஒருக்கா காட்டுங்க, பாத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

படத்தைத் திறந்தால் திரையில் ஒரு பூட்டுச் சின்னம். நாங்கள் அதுவரை பயன்படுத்திய மென்பொருளின் உரிமம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் கோப்பு எங்கேயோ ஒரு மேசையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த வரைபடங்களெல்லாம் அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் இருந்தன. எங்கள் உழைப்பு, எங்கள் கணினி, எங்களாலேயே திறக்க முடியவில்லை.

மரியான் திரையையும் அம்மையார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க கடல யாரும்மா பூட்டுனா?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி அருணாசலவடிவை என்ன பாடு படுத்தியது என்று அன்று அலுவலகத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாலையில் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இனி நாம எத வாங்கினாலும், எத எடுத்தாலும் ஒண்ணுதான் கணக்கு. யாரும் நம்மளப் பூட்டக் கூடாது. நாமளும் மரியான் அண்ணாச்சியப் பூட்டக் கூடாது."

அப்படித்தான் திறந்தமூல மென்பொருள்களின் உலகத்துக்குள் நாங்கள் நுழைந்தோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். வரைபடம் தீட்ட ஒன்று, இடத்தரவைச் சேமிக்க ஒன்று, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற ஒன்று, இணையத்தில் காட்ட ஒன்று என்று கடை விரித்தாற்போல் கிடந்தன. எதை எடுப்பது, எதை விடுவது? நாங்கள் திகைத்து நிற்க, அருணாசலவடிவு புதுப்பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைபோல ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். அவற்றைப் பயன்படுத்துவோர் கூடும் இணைய மன்றத்தில் தட்டுத்தடுமாறி ஒரு கேள்வியை எழுதிப் போட்டார். மறுநாள் காலை, எந்தத் தேசத்திலோ இருக்கும் ஒருவர் படம் போட்டு விளக்கி இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார். அம்மையார் அதை இரண்டு முறை வாசித்தார்.

"முகந்தெரியாத எனக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டு எழுதுதாவ?" என்று கேட்டார். எத்தனையோ நாட்டு மனிதர்கள் ஒருவரையொருவர் காணாமலே கூடிச் செய்து வைத்ததை, தூத்துக்குடியில் ஒரு மேசையில் உட்கார்ந்து நாம் எடுத்து ஆள்கிறோம் என்பதை நினைத்தால் இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

கடைசியில் மூன்று மென்பொருள்கள் மிஞ்சின. பழைய படங்கள் பூட்டிக் கிடந்ததால், சங்கு குளிக்கப் போகும் படகுகளான வள்ளங்களில் கையடக்க ஜிபிஎஸ் கருவி காட்டிய பார்களின் இட அளவுகளைப் புதிதாய் வாங்கி, வரைபடத்தில் புள்ளியாக வைப்பது அவற்றின் வேலை. நாங்கள் அவற்றுக்குச் செல்லப் பெயர் வைத்தோம். பார்க்க மினுமினுப்பாக இருந்ததால் ஒன்று மைனர். வேகமாக ஓடியதால் ஒன்று எக்ஸ்பிரஸ். மூன்றாவது சண்டி. பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சக பணியாளர் ஜெபசுதா உட்கார்ந்து எல்லா அளவுகளையும் தட்டச்சு செய்து கொடுத்தார். மைனரும் எக்ஸ்பிரஸும் அவற்றை மடமடவென்று விழுங்கிப் படம் போட்டன. சண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த அளவு எனக்கு விளங்கவில்லை என்று ஒரு செய்தியைக் காட்டியது. திருப்பி ஓட்டினாலும் அதே இடத்தில் நின்றது.

துணை அலுவலர் பேச்சிராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, ஓசியில வந்த மாடு இப்படித்தான் படுக்கும். மைனர எடுத்துருவோம். குழு கூடுததுக்கு நாள் இல்ல" என்றார்.

"ரெண்டு பேரும் ஓடுதானுவ, ஒருத்தன் மட்டும் நிக்கான். ஏன் நிக்கான்னு கேட்டியாலே?" என்றார் அம்மையார்.

"அதுட்ட போய் எப்படிக்கா கேக்க?"

"திறந்துதான கிடக்கு. உள்ள போய்க் கேளு."

பேச்சிராஜா போகவில்லை, அம்மையாரே போனார். சண்டியின் நிரலைத் திறந்து வரி வரியாக வாசித்தார். பாதி புரிந்தது, மீதிக்கு மன்றத்தில் கேட்டார். சண்டி நின்ற காரணம் மிகச் சின்னது. கடலில் இடத்தைப் பாகை, நிமிடம், விநாடி என்றுதான் அளப்பார்கள்; ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடிதான் உண்டு. நாங்கள் கொடுத்த ஓர் அளவில் விநாடியின் இடத்தில் எண்பத்தைந்து இருந்தது. அப்படி ஒரு விநாடி இல்லை என்று சண்டி நின்றுவிட்டது. மற்ற இரண்டும் மிச்சத்தை அடுத்த நிமிடத்தில் ஏற்றிவிட்டு மூச்சுக் காட்டாமல் போய்விட்டன.

எண்பத்தைந்து எங்கிருந்து வந்தது? அருணாசலவடிவு ஜிபிஎஸ் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அங்கே பாகை, நிமிடம், புள்ளி, அதன்பின் எண்கள். எங்கள் அலுவலகத்தில் கையால் வரைந்த காலத்திலிருந்தே நிமிடத்துக்கும் விநாடிக்கும் நடுவே புள்ளி வைப்பது வழக்கம். எனவே புள்ளிக்குப் பின்னால் வந்தால் விநாடி என்று எடுத்துக்கொண்டோம். கருவி காட்டியதோ நிமிடத்தை நூறாகப் பிரித்த பங்கு. முப்பத்தைந்து என்று அது காட்டினால், அது முப்பத்தைந்து விநாடி அல்ல. நிமிடத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு, அதாவது இருபத்தொரு விநாடி. அந்தச் சின்ன வித்தியாசம் கடலில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். அறுபதுக்கு மேற்பட்டவை மட்டுமே சண்டியிடம் பிடிபட்டன. அறுபதுக்குக் கீழே இருந்தவை அத்தனையும்கூடத் தப்பு.

மைனர் போட்ட படம் குழுவுக்குப் போயிருந்தால், பார் இல்லாத இடத்தைப் பார் என்றும், பார் இருக்கும் இடத்தை நங்கூரம் போட நல்ல இடம் என்றும் எங்கள் கையெழுத்தே சொல்லியிருக்கும். "தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் நமக்கு வேணும்" என்று அம்மையார் சண்டியைத் தேர்ந்தெடுத்தார். கூட்டங்களில் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கையில், எனக்கு விளங்கலையே என்று கையைத் தூக்குகிற ஒரே ஆள் இந்த அலுவலகத்தில் அவர்தான். இனம் இனத்தைக் கண்டுகொண்டது என்று பேச்சிராஜா சொன்னார். சண்டியும் அவரும் அன்றுமுதல் கூட்டாளிகள்.

எல்லா அளவுகளையும் புதிதாய்க் கொடுத்தோம். சண்டி முனகாமல் ஓடியது. அதுவரை அள்ளி இறைத்ததுபோல் சிதறிக் கிடந்த பார்கள், திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, கரைக்கு இணையாக, ஆழம் காட்டும் கோட்டை ஒட்டி வரிசையில் போய் அமர்ந்தன. எத்தனை காலமாக அந்தத் தண்ணீருக்கு அடியில் இந்த ஒழுங்கு இருந்திருக்கிறது! நாம் கடற்கரைச் சாலையில் டீ குடித்துக்கொண்டு தினமும் பார்க்கிற அதே தண்ணீர்தானே!

மரியானை வரச் சொன்னோம். அவர் திரைக்கு அருகில் போய் நின்றார். வாழ்நாளெல்லாம் அந்தத் தரையைத் தொட்டு வந்தவர். ஆனால் மூச்சடக்கிய நேரத்தில் கைக்கு எட்டிய தூரத்தை மட்டுமே கண்டவர். முழுக் கடலையும் ஒருசேர அவரும் கண்டதில்லை.

"ஏ யம்மா... எங்க கடலு இம்புட்டு அழகாவா கெடக்கு?" என்றார். அவர் கண் கலங்கியது. அம்மையாருக்கும் கலங்கியது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தார். நாங்கள் பார்த்துவிட்டோம்.

எவரும் எந்தக் கணினியிலும் திறந்து பார்க்கத்தக்க வடிவத்தில் அந்தப் படம் குழுவுக்குப் போனது. கப்பல்காரர்களும் திறந்தார்கள், மரியானும் தம் போனில் திறந்தார். ஒரே படத்தை இரு தரப்பும் கையில் வைத்துக்கொண்டு பேசியதால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. நங்கூர இடம் பார் வரிசைக்கு வெளியே தள்ளிப் போனது. இன்று கப்பல்கள் அங்கேதான் நிற்கின்றன.

அந்த வரிசையில் ஓரிடம் மட்டும் பல் விழுந்தாற்போல் காலியாக இருந்தது. "இங்கன ஏன் அண்ணாச்சி ஒண்ணும் இல்ல?" என்று அம்மையார் அன்றே கேட்டார். "அங்கன நீரோட்டம் ஜாஸ்திம்மா, எவனும் இறங்க மாட்டான்" என்றார் மரியான். ஆனால் கேள்வி அவரை விடவில்லை. கடல் அடங்கிய பருவத்தில் போய் இறங்கினார். கீழே பார் இருந்தது. அதைச் சுற்றிய மணலில் சங்கு கிடந்தது.

வரைபடத்தில் புதிய புள்ளி வைத்தோம். பேச்சிராஜா ஓடிப்போய்ப் பெயர்க் கட்டத்தில் அம்மையார் பெயரைப் போட்டார். சண்டி நின்றது. ஏனென்றால் பெயர் விஷயத்தில் அருணாசலவடிவு ஏற்கனவே ஒரு விதியை அதற்குள் எழுதி வைத்திருந்தார்: வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த மூன்று வள்ளத்தார் தாமாகச் சொன்னால்தான் அது பெயர். "அலுவலகத்துல உக்காந்து பேரு வைக்க நாம யாருலே? ஒரு வள்ளம் சொன்னா அது ஆச. மூணு வள்ளம் சொன்னாத்தான் பேரு" என்று பேச்சிராஜாவை விரட்டினார். பெயர் இல்லை என்றே அந்தப் புள்ளி வரைபடத்தில் கிடந்தது.

அம்மையீர்! இனி தங்களிடமே நேராகப் பேசுகிறோம். தட்டைக் கீழே வையுங்கள். இந்தச் செய்தி தங்களுக்குத் தெரியாது. சென்ற வாரம் பெயர் விசாரிக்கும் வழக்கமான பணிக்காக ஜெபசுதா கரையோரம் போனார். திரேஸ்புரத்தில் சங்கோடு வந்து இறங்கிய வள்ளத்தாரிடம், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "வடிவுப்பாருல இருந்து வாரோம்" என்றார்கள். அவர்கள் மரியானுக்கு வேண்டியவர்கள், சொல்லிக்கொடுத்திருப்பார் என்று எண்ணிப் புன்னக்காயலுக்குப் போனார். அங்கேயும் அதே பெயர். தருவைகுளத்தில் கேட்டபோது ஒரு பெரியவர், வடிவு என்றால் யார் என்றே அறியாதவர், எரிச்சலோடு சொன்னாராம்: "வடிவுப்பாரு தெரியாதா? அது பழைய பேருல்லா! எங்க அப்பன் காலத்துலயே உண்டு." மரியான் இறங்கிக் கண்ட அந்தப் புதிய பாருக்குத்தான், அதற்குள் இப்படி ஒரு பழைய பெயர்!

நேற்றுத் தாங்கள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அடுத்த அறையில் ஜெபசுதா மூன்று வள்ளங்களின் விவரத்தையும் உள்ளிட்டு, பெயரில்லாத அந்தப் புள்ளியின் பெயர்க் கட்டத்தில் வடிவுப்பார் என்று தட்டினார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். சண்டி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடலில் கால் நனைக்காத எங்கள் தலைவியே! தங்கள் பெயர் இப்போது கடலடியில் இருக்கிறது. எவர் நினைத்தாலும் இனி அதைப் பூட்ட முடியாது. அந்தப் பாரில் சங்கு விளையும் காலமெல்லாம், உடல் நலமும் மன நலமும் குறையாமல், விளங்காததை விளங்கவில்லை என்றே உரத்துக் கேட்டுக்கொண்டு, தாங்கள் நீடு வாழ்க!

பிரமிப்பும் பேரன்பும் மாறாத,
கரையோர வரைபட அலுவலகப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.