ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

மனைவி: ஏங்க, நம்ம வீட்டு நீச்சல் குளம் எங்க இருக்கு?

கணவன்: என்னது?

மனைவி: சுத்தம் பண்றவர் போன் பண்ணாரு. தண்ணி பச்சையாயிடுச்சாமே... எனக்கே தெரியாம!

கணவன்: ராங் நம்பரா இருக்கும். அந்த டையை எடு, மீட்டிங்குக்குக் கிளம்பணும்.

மனைவி: போன வாரம் லிஃப்ட் மாட்டுறவர். எத்தனை மாடின்னு கேட்டாரு. நாம இருக்கறதே கடைக்குப் பின்னால ரெண்டு ரூம்ல.

கணவன்: இப்பல்லாம் யார் யார் கைக்கோ நம்பர் போயிடுதும்மா...

மனைவி: ரெண்டு பேரும் உங்க வியாபாரக் குழுவுல இருக்காங்களே?

கணவன்: அப்படியா?

மனைவி: திருதிருன்னு முழிக்காம இப்படித் திரும்புங்க, கட்டி விடறேன். யாரு அந்த பங்களா மேடம்?

கணவன்: எந்த மேடம்?

மனைவி: என்னைத்தான் அப்படிக் கூப்பிடறாங்க. "பங்களா வாங்கியிருக்கீங்களாமே, சார் சொன்னாரு"ன்னு.

கணவன்: கழுத்தை இறுக்காதே!

மனைவி: இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சொல்லுங்க.

கணவன்: சரி... குழுவுல வாரா வாரம் மத்தவங்களுக்கு ஒரு வாடிக்கையாளரைக் கை காட்டணும். காட்டலைன்னா சீட்டு போயிடும். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான். ஜன்னல் திரைக்கு நான். நான் எழுந்தா எதிர்க்கடைக்காரன் வந்து உட்காருவான்.

மனைவி: அதுக்கு என் நம்பரா?

கணவன்: உன் பழைய நம்பர்தானே... நீ எடுக்கவே மாட்டேன்னு நெனச்சேன்.

மனைவி: ஒரு வருஷமாப் போறீங்க. ஒரு ஜன்னலாவது வந்துச்சா?

கணவன்: எல்லாருக்கும் கார்டு கொடுக்கறேன், பேசறேன்...

மனைவி: அவங்களைப் பேச விட்டீங்களா? லிஃப்ட்காரர் யாரைத் தேடறாருன்னு தெரியுமா?

கணவன்: உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: கேட்டேன்.

கணவன்: எதுக்குக் கேட்டே? பங்களா இல்லைன்னு... உளறிட்டியா?

மனைவி: ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

கணவன்: எதையோ மறைக்கறே நீ. சொல்லு!

மனைவி: பங்களா இல்லை, மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு கேட்டேன். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக்காரங்க வேணும்னாரு. என்கிட்ட துணி தைக்கக் கொடுக்கறவங்க ஒருத்தர் அப்படி ஒரு கட்டடத்துக்குச் செயலாளர். சேர்த்து விட்டேன். நீச்சல் குளக்காரருக்கும் ஒரு இடம் பிடிச்சுக் கொடுத்தேன்.

கணவன்: ஊருக்கெல்லாம் வேலை பிடிச்சுக் கொடு. நமக்கு?

மனைவி: லிஃப்ட்காரர் ஒரு புது ஹோட்டல்ல நம்ம பேரைச் சொல்லியிருக்காரு. எல்லா ரூமுக்கும் திரை நம்மகிட்டதான்.

கணவன்: அடி சக்கை! இன்னைக்கு மீட்டிங்குல எழுந்து நின்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன் பாரு!

மனைவி: நில்லுங்க. நேத்து குழுத் தலைவரும் போன் பண்ணாரு. பங்களா நிஜமான்னு விசாரிச்சாரு.

கணவன்: நீ...?

மனைவி: இல்லைன்னேன். உங்க சீட்டை எடுத்துட்டாங்க.

கணவன்: ஐயோ, குடியைக் கெடுத்தியே! இந்நேரம் எதிர்க்கடைக்காரன் அதுல உட்கார்ந்திருப்பானே!

மனைவி: அவன் கேக்கறதுக்குள்ள நான் அதை என் பேருக்குக் கேட்டு வாங்கிட்டேன். மீட்டிங்குக்கு நான் போறேன், நீங்க போய் கடையைத் திறங்க... மெஷின்ல நூல் கோத்து வச்சிருக்கேன்.