திருப்பதியில் ஒரு குவைத்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே பேங்க் என்றால் ரொம்பப் பிடிக்கும் சார். நகரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பவர்லூம் சத்தம் காதை அடைக்கும். பேங்குக்குள் மட்டும்தான் ஃபேன் சத்தம் கேட்கும். நைனா கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வேலையும் இல்லாமல் நான் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். யாரும் துரத்தியதில்லை. மரியாதையான இடம்.

தெலுங்கில் எழுது என்றீர்கள். படித்ததெல்லாம் தெலுங்கில்தான், எழுதவும் வரும். ஆனால் நான் யோசிப்பது தமிழில். இது அவசரப்பட்டுச் செய்த காரியம் இல்லை, யோசித்துச் செய்தது. அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

என் பெயர் விஜயராகவன். சித்தூரில் ஒரு பேங்குக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். ‘என்.ஆர்.ஐ. டெபாசிட் ஆலோசகர்’ என்று போர்டு. குவைத், துபாய், மஸ்கட் என்று போனவர்கள் அனுப்புகிற பணத்தை இங்கே இருக்கும் அண்ணன் தம்பிகள் பைக்காகவும் மாடி வீடாகவும் மாற்றிவிடுகிறார்கள். அதைத் தடுத்து டெபாசிட்டில் போட வைப்பதுதான் என் வேலை. வெளிநாட்டில் வசிப்பவர் பெயரில் போட்டால் வட்டிக்கு வரி கிடையாது. நாடே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டாலரே வா, தினாரே வா என்று கூப்பிடுகிற காலம். இதை நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பாதி டீயோடு எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும்.

என் முதல் வாடிக்கையாளர் நைனாதான். வேதாச்சலம். நான் பத்தாவது படிக்கும்போது குவைத்துக்குப் போனவர், ஓர் அரபி வீட்டில் தோட்ட வேலை. அவர் சேர்த்ததையெல்லாம் ஒரே டெபாசிட்டாக மூன்று வருடத்துக்குப் போட வைத்தேன். ரசீதின் ஜெராக்ஸை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். பெத்தவர் பணத்தையே போட்டிருக்கிறான், நம்பலாம் என்றுதான் மற்றவர்கள் போட்டார்கள். இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

அடுத்த வருடமே நைனா திரும்பி வந்துவிட்டார்.

அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, எனக்கு மட்டும்தான் தகவல். மீனம்பாக்கத்தில் பெட்டியோடு நின்றார். “போதும்டா ராகவா. அரபி செத்துட்டான். அவன் புள்ளைங்க தோட்டத்து மேல சிமெண்ட் கொட்டிட்டானுங்க. இனிமே உங்கம்மா கையால துன்னுகினு நகரிலயே கெடக்கறேன்” என்றார்.

பேங்க் நோட்டீஸில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கணக்குக்காரர் வெளிநாட்டில் வசிக்க வேண்டும், நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் டெபாசிட் உடைந்துவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். ஆலோசகர் என்று போர்டு மாட்டியவன் ரோட்டைத் தாண்டிப் போய் சந்தேகம் கேட்டால், மறுநாள் அந்த மேஜை எதற்கு சார்?

“நைனா, நீ இன்னும் வரல” என்றேன்.

“பின்ன இங்க நிக்கறது யாரு, உன் மாமனாரா?”

பஸ்ஸில் எல்லாவற்றையும் விளக்கினேன். டெபாசிட் முடிகிற வரைக்கும் அவர் வெளிநாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றேன்.

“ஏன்டா, நான் போட்ட துட்டுக்கு நானே ஓடி ஒளியணுமா?”

“ஒளியறதில்ல நைனா. வெளிநாட்டுல இருக்கறது.”

நைனா அதிகம் படிக்காதவர். நான் சொன்னால் நம்புவார். அவரிடம் இருந்த நல்ல குணம் அது. பஸ் நகரியில் நின்றபோது தலைமேல் துண்டைப் போட்டுக் குனிந்துகொள்ளச் சொன்னேன். குனிந்துகொண்டார். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. “நம்ம மொதலாளி ஷெட்டுதான். மூணாவது தறி இன்னும் ரிப்பேர் பண்ணல பாரு” என்றார் துண்டுக்கு உள்ளிருந்து.

அப்படியே திருப்பதிக்குப் போய்விட்டோம். திருப்பதியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். ஒரு மனிதன் எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான், எப்போது போவான் என்று யாரும் கேட்காத ஊர் அது ஒன்றுதான். இன்னொன்று, மொட்டை. நகரிக்காரர்கள் வாரத்துக்கு நாலு பேராவது திருப்பதிக்கு வருவார்கள். ஆனால் மொட்டைத் தலையும் நாமமுமாக இருக்கிற ஆயிரம் பேரில் வேதாச்சலத்தை யார் கண்டுபிடிப்பது? முடி முளைக்க முளைக்க நைனாவை மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை அடிக்க வைத்தேன். அங்கே முடி எடுப்பவருக்கே முகம் பழகிவிட்டது. “ஏம் சாமி, மளி மொக்கா?” என்பார். மறுபடியும் வேண்டுதலா என்று அர்த்தம். நைனா என்னைப் பார்ப்பார். நான்தான் ஆமாம் என்பேன். சாமிக்கும் நல்லது, டெபாசிட்டுக்கும் நல்லது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் யசோதா என்கிற அம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்தேன். எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது சார். நைனா குவைத்தில் இருக்கிறார் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தால், முடிந்தவரைக்கும் அவர் குவைத்தில் இருக்க வேண்டும் இல்லையா? அதனால் சுவர்க் கடிகாரத்தைக் குவைத் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். வெள்ளிக்கிழமை லீவு. இட்லியை நிறுத்திவிட்டு, ஒரு பரோட்டா மாஸ்டரிடம் சொல்லி அரபிகள் தின்கிற குப்பூஸ் ரொட்டி போட வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் ஏழுமலையும் தெரியும். குவைத்தில் மலை கிடையாது என்று நைனாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினேன்.

“நெஜ குவைத்துலகூட நான் தயிர் சோறு துன்னேன்டா” என்றார் நைனா.

வெள்ளிக்கிழமைதான் போன். நகரியில் சிட்டிபாபு என்பவரின் எஸ்.டி.டி. பூத்தில் அம்மா காத்திருப்பாள். திருப்பதி பூத்திலிருந்து நான் நம்பர் போட்டு நைனாவிடம் கொடுப்பேன். அந்தப் பக்கம் சிட்டிபாபு, “பச்சக்கா, குவைத் லைன்ல நிக்குது, ஓடியா” என்று கத்துவது எனக்கே கேட்கும். அம்மாவின் பெயர் பச்சையம்மாள்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது நல்ல மழை. பூத்தின் தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியது.

“இன்னாங்க, அங்க மழ சத்தம் கேக்குது?” என்றாள் அம்மா.

நைனா என்னைப் பார்த்தார். நான் கையை அசைத்தேன்.

“ஏசி பச்ச. பழைய ஏசி” என்றார்.

அன்றைக்கு எனக்கு அவர்மேல் ரொம்பப் பெருமையாக இருந்தது.

தங்கச்சி தேவசேனா கல்யாணம் திருமலையிலேயே நடந்தது. அப்பா லீவு கிடைக்காமல் குவைத்தில் மாட்டிக்கொண்டார் என்று மாமாதான் தாரை வார்த்தார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். நைனாவை மொட்டைத் தலையும் நாமமுமாகப் பந்தியில் கடைசியாக உட்கார வைத்தேன். அங்கே தெரியாதவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். அம்மா பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தாள். அவர் இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில், “கல்யாணத்துல உங்கள மாதிரியே ஒரு மொட்டையாளு உக்காந்துகினு இருந்தாரு. நீங்களேதான்னு நெனச்சேன்” என்றாள். நான் ரிசீவரை வாங்கி வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று அம்மா நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு நைனா சரியில்லை. ஒருநாள் நான் வரும்போது அறை திறந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி.

“எறங்கு நைனா.”

“கண்டக்டர் டிக்கெட்டு குடுத்துட்டான்டா.”

“பரவால்ல, எறங்கு.”

இறங்கினார். அன்றிலிருந்து வெளியே பூட்டு போட ஆரம்பித்தேன். யசோதாவிடம் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. “இவரு என் மாமா. பெருமாளுக்கு மொக்கு வச்சிருக்காரு. அறைய விட்டு வெளிய வரக்கூடாது, வெள்ளிக்கிழமை மட்டும் போலாம். மனசு தடுமாறி கதவத் தட்டுவாரு, தெறக்காதீங்க, மொக்கு பங்கமாயிடும்” என்றேன். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நானேன் தம்பி தெறக்கப் போறேன்? அந்தப் பாவம் எனக்கெதுக்கு?” அன்றிலிருந்து வராந்தா ஜன்னல் வழியாக அவள்தான் குப்பூஸ் கொடுத்தாள். தினமும் கதவுக்குக் குங்குமம் வைத்தாள்.

நைனா அவளிடமும் பேசிப் பார்த்திருக்கிறார். “தம்பி, உங்க மாமா இன்னா பக்தி தெரியுமா? ‘நான் குவைத்துலேருந்து வந்தவன், பொண்டாட்டிகிட்ட போவணும், தெற’ன்னு அழுவறாரு. மாய எப்பிடியெல்லாம் சோதிக்குது பாருங்க” என்று கண் கலங்கினாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று நைனா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர், ஊர் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஒருவரைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் எப்படிச் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சித்தூரில் இருந்தேன். கங்காதர நெல்லூரிலிருந்து வந்த புருஷன் பொண்டாட்டிக்கு டெபாசிட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே விளக்கினேன், அன்றைக்கே போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அறைக்கு வந்தபோது வாசல்படியில் கற்பூரம் எரிந்து கறுத்திருந்தது.

“மத்தியானமெல்லாம் தட்டிக்கினே இருந்தாரு தம்பி. நெஞ்சு, நெஞ்சுன்னாரு. நான் கற்பூரம் ஏத்தி கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிக்கினே இருந்தேன். அப்பறம் அடங்கிட்டாரு. எல்லாம் சாமி கொணம்” என்றாள் யசோதா.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் செய்தாள். பூட்டியது நான், சாவி என் பாக்கெட்டில் இருந்தது. இதை நீங்கள் நான் சொன்னதாகவே எழுதிக்கொள்ளலாம்.

நைனா கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார். மொக்கு நிறைவேறிவிட்டது என்று யசோதாவிடம் சொன்னேன். அவள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவந்து மாலை போட்டாள், விழுந்து கும்பிட்டாள். அவ்வளவு மரியாதை நகரியில் அவருக்குக் கிடைத்திருக்காது. சுடுகாட்டில் அவர் பெயரைக் கங்கையா என்று கொடுத்தேன். கொள்ளி வைத்து, முறைப்படி நானும் மொட்டை அடித்துக்கொண்டேன். ஊருக்குப் போனபோது அம்மா என் தலையைப் பார்த்தாள்.

“யாருக்கு மொக்குடா?”

“நைனாவுக்கும்மா. நல்லா இருக்கணும்னு.”

என் தலையைத் தடவினாள்.

டெபாசிட் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஒருவர் செத்துப்போனால் என்ன நடக்கும் என்று நோட்டீஸில் ஒரு பத்தி இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை, வேண்டுமென்றேதான். வெள்ளிக்கிழமை வந்தது. பூத்துக்குப் போனேன், நம்பர் போட்டேன், “பச்ச, நல்லாகிறியா?” என்றேன். நைனா குரல் அப்படியே வந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று கேட்டதுதான். அவர் கையெழுத்து ஏற்கெனவே எனக்கு அவரைவிட நன்றாக வரும்.

டெபாசிட் முடிந்த அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் ரசீதைப் பார்த்துவிட்டு, “உங்க நாயனா எப்புடு திரும்பி வர்றாரு?” என்று சும்மா கேட்டார். டெபாசிட் இருக்கும்போது எப்படி சார் வருவார் என்றேன்.

அவர் சிரித்தார். “ஏம் பாபு, போர்டு கட்டிக்கினு ஒக்காந்திருக்கே, இது தெலியாதா? அவரு எப்ப வேணாலும் வரலாம். வந்தா ஒரு லெட்டர் இஸ்தே சாலு, குடுத்தா போதும். கணக்கு பேரத்தான் மாத்துவோம். டெபாசிட் முடியற வரைக்கும் அதே வட்டியில ஓடும்.”

நான் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, வட்டி வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகிறதே, இன்றைக்கே புதுப்பித்தால் எவ்வளவு என்று கேட்டேன். இறங்குகிற காலத்தில் பணத்தை எடுப்பது முட்டாள்தனம். என் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன், என் வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா? இன்னும் மூன்று வருடத்துக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா முன்னாடியே வந்து காத்திருந்தாள் போல. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“இன்னாங்க, டெபாசிட்டு முடிஞ்சிட்ச்சாமே. எப்ப வர்றீங்க?”

“ராகவன் மறுபடியும் மூணு வருஷத்துக்குப் போட்டுட்டான் பச்ச” என்றேன் நைனா குரலில். “நல்லதுக்குத்தான் செய்வான்.”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அம்மா கேட்டாள். “ராகவா, நீ துன்னியா?”

“அவன் சித்தூர்ல நல்லா துன்னுகினு கீறான், நீ கவலப்படாத” என்றேன்.

மறுநாள் காலையிலேயே அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் வருத்தம். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்து அவள் நைனாவையே கேட்டிருக்கலாம்.