மாடத்தி அக்காவின் கசப்புக்குப் பூட்டு இல்லை

தலைமை ஏற்றிருக்கும் ஜாதிக்காய் வியாபாரி குத்தாலிங்கம் அண்ணாச்சி அவர்களே! புளியறைச் சோதனைச் சாவடியில் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கும் ஜஸ்டின் அண்ணன் அவர்களே! என்னோடு வேலை பார்க்கும் பார்வதியம்மாள், அனுசியா உள்ளிட்ட சகோதரிகளே! சாரலில் நனைந்துகொண்டு நிற்கும் தென்காசி, குற்றாலத்துப் பெருமக்களே! உங்கள் எல்லாருக்கும் ஹம்னாவின் வணக்கம்.

ஏன் நனைகிறோம்? மண்டபம் கேட்டோம். "சாராயக்காரிக்கு இரங்கல் கூட்டமா?" என்று கேட்டுச் சாவியைத் தர மறுத்தார்கள். மறுக்கட்டும்! மாடத்தி அக்கா உழைத்த இந்த ஷெட்டு வாசலைவிடப் பெரிய மண்டபம் எது?

அக்கா காய்ச்சியது சாராயமா? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதன் பெயர் பிட்டர்ஸ். பானத்தின் மேல் இரண்டு சொட்டு விடுகிற கசப்புச் சாறு. உலகத்தின் பெரிய மதுக்கூடங்களில் அது இல்லாமல் வேலை நடக்காது. சோடாவிலும் விடலாம், பால் விடாத கட்டன் சாயாவிலும் விடலாம்.

ராயகிரியில் பிறந்த மாடத்தி அக்கா பயணிகள் கப்பலில் கண்ணாடித் தம்ளர் கழுவப் போனவர். கழுவிய தம்ளர்களை முகர்ந்து முகர்ந்தே எந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவர். கப்பல் நின்ற துறைமுகங்களில் மற்றவர்கள் சென்ட்டு வாங்கினார்கள். அக்கா சான்சிபாரில் கிராம்பு வாங்கினார், மெக்சிகோவில் மிளகாய் வாங்கினார், ஜப்பானில் நாக்கு மரத்துப்போகும் ஒரு மிளகு வாங்கினார். ஊருக்கு வந்து குற்றாலத்து ஜாதிபத்திரியோடும் நாரத்தங்காய்த் தோலோடும் அவற்றை, உலகம் முழுக்கச் செய்வதுபோல, முதலில் சாராயத்தில்தான் ஊறவைத்தார்.

நான் வேலை கேட்டு வந்த அன்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "அக்கா, சாராயம் ஊத்துத எடத்துல என்னால வேலை பாக்க முடியாது. வீட்டுலயும் விடமாட்டாவ."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சாராயம் இல்லாம செய்யணும்னு சொல்லுத. சரி, வாட்டி. செஞ்சு பாப்பம்."

அதற்குப் பிறகு எத்தனை ஜாடிகளைக் கொட்டினோம்! சாராயத்துக்குப் பதிலாகக் கிளிசரினில் ஊறவைத்தோம். ஒருமுறை இனித்தது, ஒருமுறை பூஞ்சை பிடித்தது. ஒரு வருடம் போன பிறகுதான் கசப்பு சரியாக வந்தது. யாரோ ஒரு பெண் தன் கொள்கையை விடாமல் வேலை பார்க்க வேண்டும் என்பதற்காகத் தன் தொழிலையே மாற்றி எழுதிய முதலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்!

மும்பையிலிருந்து ஒரு கம்பெனி பேசியது. மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்களாம். ஆனால் பாட்டிலில் 'மாடத்தி' என்ற பெயர் வேண்டாமாம், நாகரிகமாக வேறு பெயர் வேண்டுமாம். அக்கா போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிரெஞ்சுக்காரன் பேரயெல்லாம் வாய் கோணாம சொல்லப் படிச்சிருக்கானுவ. நம்ம பேரு மட்டும் நாக்குல ஏறாதோ? படிக்கட்டும்!"

அடுத்த தடவை அச்சடித்த லேபிளில் அந்தப் பெயரின் எழுத்து இரண்டு மடங்கு பெரிதானது. மும்பைக்காரர் வாங்கினாரா? இல்லை. அந்தத் தீபாவளி எங்களுக்கு வெறும் தீபாவளிதான். ஆனால் மறு வருடம் லிஸ்பனிலிருந்து ஒரு மதுக்கூடக்காரர் கூப்பிட்டு, "மா... டாத்... தி" என்று திக்கித் திக்கிச் சொன்னார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளா? நாக்கு நல்லாத்தான் வளையுது!"

பிறகு ஒருநாள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. "பொம்பளையாளுவ சேந்து சாராயம் காய்ச்சுதாளுவ! கேட்டைப் பூட்டுலே!" என்று சாலையில் நின்று கத்தினார்கள். அக்காவே கேட்டைத் திறந்தார்.

"பூட்டுததுக்கு முந்தி உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க."

ஒருவர் உள்ளே போய் விரலில் தொட்டு நக்கினார். "தூ... கசக்கு!"

"பின்ன? கசப்பு வித்தா கசக்கத்தான செய்யும்!"

கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப் பாதியிலிருந்து ஒரு கல் வந்தது. ஆறு மாதம் ஊறிய ஜாடி உடைந்தது. அக்கா அழுதார். பயந்து அல்ல; சான்சிபார் கிராம்பு தரையில் ஓடுகிறதே என்று அழுதார். அதிகாரிகள் வந்து சோதித்தார்கள். ஒரு சொட்டுச் சாராயம் இல்லை என்றார்கள். கல் எறிந்தவர் வந்து ஒரு வார்த்தை சொன்னாரா? இன்றுவரை இல்லை!

போன வாரம் புளியறையில் சோதனைக்காகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஜஸ்டின் அண்ணன் லாரியிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார். செங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குள் ஊரில் பேசுகிறார்கள், "குடிச்சுக் குடிச்சே செத்தா" என்று. அக்கா குடித்தாரா, குடிக்கவில்லையா? நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு ஆண் நெஞ்சு வலித்துச் செத்தால் இந்தக் கேள்வியை யார் கேட்கிறீர்கள்?

இடத்துக்காரரும் நேற்று வந்தார். "அவதான் போயிட்டாளே, இனி என்ன இருக்கு? காலி பண்ணிருங்க" என்றார். என்ன இருக்கிறதா? நாங்கள் இருக்கிறோம்! வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. காலி செய்ய மாட்டோம்.

மங்குஸ்தான் தோலோடு மெக்சிகோ மிளகாய் சேர்த்து ஒரு புதுச் சாறு பாதியில் நிற்கிறது. கடைசியாக ருசி பார்த்தபோது, "காரம் பத்தலட்டி" என்றார் அக்கா. நாளைக் காலை அந்த மிளகாயை வறுக்கப் போகிறோம். நெடி இந்தத் தெரு முழுக்க வரும். தும்முகிறவர்கள் நன்றாகத் தும்மிக்கொள்ளட்டும்!